பகல் பன்னிரண்டு மணிக்குப் போசன் போகும் வீடு

போன வருடம் சித்திரை வெயில். மதியம் பன்னிரண்டு இருக்கும். கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பச்சைக் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். கேட்டுக்கு உள்ளே வேப்பமர நிழலில் எங்கள் நாய் படுத்திருக்கிறது.

எங்கள் நாய்தான், சந்தேகமே இல்லை. இடது காது பாதி கறுப்பு. வால் நுனியில் சுண்ணாம்பு தொட்ட மாதிரி ஒரு வெள்ளை. கழுத்தில் என் வீட்டுக்காரர் பின்னிப்போட்ட நீலக் கயிறு.

"போசன்" என்று கூப்பிட்டேன். காது மட்டும் அசைந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "மணி, சாதம் ஆறிடுத்து, வா" என்றது.

எங்கள் நாய் எழுந்து, முன்னங்காலை நீட்டி உடம்பை முறித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தக் குரல் வந்த பக்கமாகப் போய்விட்டது.

துறைமுகத்தில் சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஏஜெண்ட் ஆபீசில் முப்பது வருடம் டாக்குமெண்ட் பார்த்தவள் நான். ஒரு பெட்டிச் சரக்குக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி வந்தால், யாரிடம் எந்தத் தாளை முதலில் கேட்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. கீரை வாடுகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆசிரியர் கேட்டது வேறு

இத்தனை வாரமாக இந்தப் பக்கத்தில் கப்பல், கஸ்டம்ஸ், மழையில் நனைந்த முந்திரிப்பருப்பு மூட்டை என்று எழுதிக்கொண்டிருந்தேன். போன வாரம் ஆசிரியர் போன் செய்தார். "மேடம், இப்போ எல்லார் வீட்டிலேயும் நாய் இருக்கு. நாயோட சந்தோஷமா வாழ, வீண் செலவில்லாம, இயற்கைக்குக் கேடில்லாம, எளிய யோசனைகள் ஏதாவது உங்க நினைவுகள்ல கலந்து எழுதலாமே" என்றார்.

எழுதலாமே என்றுதான் நானும் நினைத்தேன். யோசனைக்கா பஞ்சம்? கிழிந்த கைலியை நாலாக மடித்துத் தைத்தால் நல்ல படுக்கை, கடையில் விற்கும் மெத்தை வேண்டாம். மீன்தலையை உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்துப் பிசைந்து வையுங்கள். வெளியில் கூட்டிப்போகுமுன் உங்கள் புறங்கையைத் தார்ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். உண்ணியை உட்கார்ந்து கையால் எடுங்கள், நாய்க்கும் உங்களுக்கும் பொழுது போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருடம் தவறாமல் போடுங்கள். முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த மக்ரூன் கொடுக்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும்.

இவ்வளவும் எழுதி, அடுத்ததாக "தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள்" என்று எழுதப்போனேன். பேனா நின்றுவிட்டது. அந்தப் பச்சைக் கேட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது மோசடி. அதனால் ஆசிரியர் மன்னிக்க வேண்டும், யோசனைப் பட்டியல் இத்தோடு நிற்கிறது.

கப்பலைவிட்டு இறங்கியவர்

என் வீட்டுக்காரர் லூர்து கப்பலில் ஃபிட்டராக இருந்தார். ஃபிட்டர் என்றால் குழாய், வால்வு, பம்பு எது ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்திச் சொச்சம் வருடம். அதில் அவர் வீட்டில் இருந்த நாளையெல்லாம் சேர்த்தால் எட்டு வருடம் தேறாது. வருவார், பெட்டியைத் திறப்பார், பிள்ளைகள் சாக்லேட்டைத் தின்று முடிப்பதற்குள் திரும்பக் கிளம்பிவிடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ரத்த அழுத்தமும் முழங்கால் வலியுமாகக் கடைசியாக இறங்கினார். இனிமேல் வீடுதான் என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மனிதரை முழுநாளும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று குழப்பமாகவும் இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கே குளித்து, பேண்ட் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யாராவது வேலை சொல்வார்கள் என்று காத்திருக்கிற மாதிரி. நான் எதையாவது தேடினால் பின்னாலேயே வருவார். ஒழுகாத குழாயையெல்லாம் கழற்றிப் பார்த்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். பேச்சுக்கு ஆள் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போனில் பேசித்தான் பழக்கம், நேரில் என்ன பேசுவது?

அப்படி ஒரு காலையில் கடற்கரைக்கு நடக்கப்போனவர், சட்டைக்குள் ஒரு குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். கருவாடு காயப்போடுகிற இடத்தில் தனியாகக் கிடந்ததாம்.

"பேரு போசன்" என்றார்.

கப்பலின் மேல்தட்டில் வேலை பார்க்கிற ஆட்களுக்குத் தலைவன்தான் போசன். குட்டி கையகலம்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு தலைவன் கிடைத்துவிட்டான். எங்களுக்குப் பேச ஒரு விஷயமும் கிடைத்துவிட்டது. "போசன் முழிச்சிட்டான்", "போசன் செருப்பக் கடிச்சிட்டான்", "போசனுக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல". முப்பது வருடத்தில் பேசாத பேச்சையெல்லாம் ஒரு நாயை வைத்துப் பேசினோம். பழைய கப்பல் கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டு அதற்கு ஒரு பந்து செய்துகொடுத்தார். காலையில் எழுந்ததும் போசனின் மண்சட்டியைத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, புறவாசல் குழாயில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து வைப்பார். சட்டியில் தும்பு விழுந்தாலும் கொட்டிவிட்டு வேறு பிடிப்பார்.

அவர் போட்ட புதுக் குழாய்

போன வருடம் தவக்காலம் தொடங்கிய சமயம், எதை விடுவது என்ற பேச்சு வந்தது. நான் காபியை விட்டேன். அவர் நல்ல தண்ணீரை வீணாக்குவதை விடப்போகிறேன் என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். ஆற்றிலிருந்து மாநகராட்சி குழாயில் வருவது நல்ல தண்ணீர். குடிக்க, சமைக்க மட்டும். வீட்டுக்குள் போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணீர். பாத்திரம், துணி, குளியல், வாசல் எல்லாம் அதில்தான். எங்கள் வீட்டில் என்னவோ, முன்னாலிருந்தே புறவாசல் குழாயிலும் நல்ல தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. துணி அலசுவதும் செடிக்கு ஊற்றுவதும் அதில்தான். பாவம் என்று அவருக்கு ரொம்ப நாளாக உறுத்தல்.

மூன்று நாள் பைப்பும் பசையுமாக வேலை பார்த்தார். புறவாசல் குழாயை நல்ல தண்ணீர் லைனிலிருந்து வெட்டி, போர்த் தொட்டியோடு இணைத்தார். வேலை கச்சிதம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. "ஏளா, இனிமே ஒரு நாளைக்கு எத்தன குடம் நல்ல தண்ணி மிச்சம் தெரியுமா?" என்று கேட்டார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நானும் தெருவெல்லாம் பெருமையடித்தேன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

ஒன்றும் விளங்காத இரண்டு மாதம்

முதலில் போசன் சாப்பாட்டைக் குறைத்தது. சாளை மீன் வேகிற வாசனைக்கே அடுப்படிக்கு ஓடிவருகிற நாய், தட்டை மோந்துபார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. வெயில் என்றேன் நான். தவக்காலம் பிடிக்கிறான் என்றார் அவர். பிறகு வாந்தி. பிறகு சொறி. அப்புறம் மதியம் கேட்டைத் திறந்தால் போதும், விருட்டென்று வெளியே போய் மூன்று மணிக்குத்தான் வரும். மற்ற நேரமெல்லாம் புறவாசலில் சுருண்டு கிடக்கும்.

என் வீட்டுக்காரர் தெருவில் நின்று கூப்பிடுவார். அது திரும்பிக்கூடப் பார்க்காது.

"கூப்பிட்டா வாரான் இல்ல. நாம என்ன கொற வச்சோம் இவனுக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கென்ன தெரியும். முட்டை வைத்தோம், ஈரல் வைத்தோம், மின்விசிறிகூட வைத்தோம்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனோம். டாக்டரம்மா சின்ன வயசு. கொங்குநாட்டுப் பக்கம், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"கிட்னி சோர்ந்திருக்குதுங்க. உடம்புக்குள்ள உப்பு அதிகமா போற மாதிரி தெரியுது. கருவாடு கிருவாடு குடுக்கறீங்களா?"

"இல்லம்மா. எப்பவாச்சும் ஒரு துண்டு."

"அதையும் நிறுத்திருங்க. தண்ணி நிறைய வைக்கறீங்களா?"

"சட்டி காஞ்சு நீங்க பாக்கவே முடியாது டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

"நல்லதுங்க. அதை மட்டும் குறைச்சிராதீங்க. இப்படியே போச்சுன்னா இவன் அடுத்த மழையைப் பார்க்க மாட்டானுங்க."

வீட்டுக்கு வந்து உப்பை வேட்டையாடினோம். கருவாட்டு டப்பாவைப் பக்கத்துவீட்டுக்குக் கொடுத்தேன். பிஸ்கட் நிறுத்தம். மீனை மூன்று தண்ணீரில் அலசினேன். போசன் முன்னைவிட மெலிந்தது. விலாவெலும்பு தெரிந்தது. இந்த உப்பு எந்த வழியாக வருகிறது என்று எனக்கு மண்டை காய்ந்தது.

அந்த வாரத்தில்தான் அவருக்குக் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் ஆபீசிலிருந்து போன் வந்தது. ஆறு மாதக் கான்ட்ராக்ட். பழைய கேப்டன் இவர்தான் வேண்டும் என்று கேட்கிறாராம்.

"போயிட்டு வந்திருதேன் புளோரா" என்றார். "இங்கன நான் என்னத்த செய்யுதேன்? ஒரு நாய்கூட எங்கிட்ட நிக்க மாட்டேங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாத்திரை போட்டால்தான் ரத்த அழுத்தம் நிற்கிறது, அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எஞ்சின் ரூம் ஏணியில் எப்படி ஏறுவார்? போகாதீர்கள் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. முப்பது வருடம் போய்வாருங்கள் என்றே சொல்லிப் பழகிய வாய். அவர் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். நான் அதைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினேன்.

அதற்கு அடுத்த நாள் கீரை வாங்கப் போனபோதுதான் அந்தப் பச்சைக் கேட்டைப் பார்த்தேன்.

சண்டைக்குப் போனது

வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லவில்லை. போசனுக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அங்கே அதற்கு மணி என்று பேர் என்று சொன்னால், அவர் அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவார்.

விசாரித்ததில் அது ரெங்கநாயகி டீச்சர் வீடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் கொற்கைக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரையில். ஓய்வுக்குப் பிறகு மகள் வாங்கிய இந்த வீட்டுக்கு வந்து, தனியாக இருக்கிறார். பெருமாளைத் தவிர வேறு பேச்சில்லாத வைணவ வீடு. முட்டை வாசனைகூட உள்ளே நுழையாது.

எனக்கு இன்னும் குழம்பியது. ஈரலை விட்டுவிட்டு ஒரு நாய் தயிர்சாதத்துக்குப் போகுமா? அப்புறம் பளிச்சென்று தோன்றியது. தயிர்சாதம். அதில் உப்பு. தொட்டுக்கொள்ள ஊறுகாய் வேறு. ஆக, எங்கள் நாயைக் கொல்கிற உப்பு இந்த வீட்டிலிருந்துதான் வருகிறது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினேன். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

டீச்சர் குள்ளமாக, பெரிய கண்ணாடி போட்டு இருந்தார். "வாங்கோ, வெயில்ல நிக்கறேளே. முதல்ல ஜலம் குடிங்கோ" என்று, நான் வாயைத் திறக்குமுன் ஒரு டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். தாகம் வேறு, கோபம் வேறு.

"டீச்சர், இது எங்க நாய்" என்றேன்.

"அப்படியா? கழுத்தில கயிறு இருக்கே, யாரோ வளக்கறாளேன்னு நினைச்சேன். ஒரு மாசமா தினம் வரது. நான் கூப்பிடலை, அதுவா வந்தது."

"அதுக்கு ஒடம்பு சரியில்ல. கிட்னி போயிருச்சுங்காங்க. உப்பு ஆகாது. நீங்க தயிர்சாதத்துல உப்புப் போட்டு, ஊறுகாயும் வச்சு..."

"ஐயையோ, ஊறுகாயா? அதுக்கு உப்பே போடறதில்லையே. தனியா எடுத்து வச்சிட்டுத்தான் எனக்கு உப்புப் போட்டுப்பேன். அதுவும் ரெண்டு வாய்தான் சாப்பிடும். சாப்பாட்டுக்கா வரது அது? வந்ததும் இதைத்தான் தேடும்."

வாசல்படி ஓரத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. போசன் எங்கள் இரண்டு பேரையும் கவனிக்காமல் அதை நக்கிக்கொண்டிருந்தது. காலியான கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது. டீச்சர் உள்ளே போய் எனக்கு ஊற்றிய அதே குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டுவந்து ஊற்றினார். போசன் தலையைத் தூக்காமல் குடித்தது. பாதியில் மூச்சு வாங்க நிறுத்திவிட்டு மறுபடியும் குடித்தது.

"டீச்சர், அது நல்ல தண்ணியில்லா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"நாய்க்கா?"

டீச்சர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஏன், அதுக்கு வேற ஜலம் இருக்கா?" என்றார்.

இரண்டு தண்ணீர்

எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் குழாய் கிடையாது. மூன்று சக்கர வண்டியில் குடம் அடுக்கி நல்ல தண்ணீர் கொண்டுவருவார்கள். ஆறு பேருக்கு இரண்டு குடம். அதை அம்மா அடுப்படி மூலையில் மூடிபோட்டு வைத்திருப்பார். பள்ளிக்கூட ஆண்டுவிழா அன்று, உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பதால், ஒரு செம்பு நல்ல தண்ணீரில் முகம் கழுவிவிட்டேன். அம்மா அகப்பையால் அடித்தார். அடித்துவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார். நான் முதுகு எரிய மேடையில் ஏறி ஆடினேன்.

அன்றைக்குப் படிந்தது இன்னும் கலையவில்லை. மனிதர் குடிப்பதற்கு ஒன்று, மற்றதுக்கெல்லாம் ஒன்று. எங்கள் ஊரில் பிறந்த யாரும் இதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். அந்த மற்றதில் துணியும் செடியும் வாசலும் இருந்தன. போசனும் அதில் சேர்ந்துவிட்டது. மக்ரூன் கொடுத்தோம், மின்விசிறி வைத்தோம், ஈரல் வைத்தோம். குடிக்க மட்டும், நாங்கள் வாயில் வைத்தால் துப்புகிற தண்ணீரை வைத்தோம். ஆற்றங்கரையில் ஒரே தண்ணீரோடு வளர்ந்த டீச்சருக்கு அந்தத் தப்பைச் செய்யத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். போசனின் சட்டி விளிம்புவரை நிறைந்து, துளி தூசியில்லாமல் பளபளத்தது. விரலை முக்கி நாக்கில் வைத்தேன். கோடையில் போரில் தண்ணீர் இறங்கினால் உப்பு ஏறும். தொண்டைவரை கரித்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரிடம் எப்படிச் சொல்வது? நீங்கள் போட்ட குழாய்தான், நீங்கள் தேய்த்துத் தேய்த்து வைத்த சட்டிதான் என்றா? வீட்டில் அவர் பெருமைப்பட்ட ஒரே வேலை அதுதான். சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார், உடைந்தால் கப்பலுக்குப் போவார். சொல்லாமல் இருந்தாலும் போவார். சொல்லலாமா கூடாதா என்று எனக்கு ஒரு முடிவும் வரவில்லை. அதனால் பயந்தவர்கள் செய்வதைச் செய்தேன். அவர் சட்டியை நிறைத்துவிட்டுக் குளிக்கப்போகும்போது, கொட்டிவிட்டு நல்ல தண்ணீரை ஊற்றிவைத்தேன்.

போசன் அதைத் தொடவில்லை. அந்தச் சட்டியையே அது நம்பவில்லை போலிருக்கிறது. பன்னிரண்டு மணியானால் டீச்சர் வீட்டுக்குத்தான் போனது. ஐந்து நாள் இப்படி. பெட்டிக்குள் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் ஏறிவிட்டன.

ஆறாம் நாள்

ஆறாம் நாள் காலை. நான் செம்போடு புறவாசலில் குனிந்திருந்தேன். பின்னாலிருந்து, "என்னளா செய்யுத?" என்று குரல் கேட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சொல்லிவிட்டேன். பச்சைக் கேட்டு, மணி, டீச்சர், குடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நேராகக் குழாயடிக்குப் போய், திறந்து, உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்தார். துப்பவில்லை, விழுங்கினார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

குழாயை மூடிவிட்டு, "கப்பல்ல குடிதண்ணித் தொட்டிய தெனம் காலையில நாக்குல வச்சுப் பாத்து எழுதுத வேலை எனக்குத்தான்" என்றார். "இருபத்திரண்டு பேரு குடிக்கணும்லா. நான் ருசி பாத்து சரின்னு எழுதுன பொறவுதான் சமையக்காரன் டீ போடுவான். ஒரு நாள் தப்பினதில்ல."

நான் செம்பைத் தரையில் வைத்தேன்.

அவர் சட்டையை மாட்டினார். வெளியே போய்விட்டார். ஏஜெண்ட் ஆபீசுக்குத்தான் போகிறார், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார் என்று நினைத்தேன். அடுப்பில் சோறு குழைந்தது. பத்து மணி, பதினொன்று. பன்னிரண்டுக்குக் கேட்டைத் திறந்துவிடச் சொல்லி போசன் முனகியது, திறந்துவிட்டேன். நீயும் போ என்று சொன்னேன்.

ஒரு மணிக்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். அவர் தோளில் நீளமாக ஒரு பைப்பு, கையில் பசை டப்பா, பை நிறைய பைப்பை வளைத்து மாட்டுகிற முழங்கைத் துண்டுகள். முன்னால் போசன்.

"அந்த டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றார். "இனிமே இவன் எங்க வீட்லயே குடிப்பான், தப்பா நெனைக்காதீங்கன்னு சொன்னேன். சனிக்கெழம மட்டும் அங்கன சாப்பிடட்டும்னு கேட்டாங்க. சரின்னுட்டேன்."

இன்றைக்கும் சனிக்கிழமை தவறாமல் போசன் அங்கே போகிறது. அதற்குக் கிழமை எப்படித் தெரிகிறது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

சாப்பிடக்கூட உட்காரவில்லை. நல்ல தண்ணீர் லைனில் தான் அடைத்த இடத்தைத் தானே அறுத்துத் திறந்தார். துணி துவைக்கிற குழாய் போர்த் தண்ணீரிலேயே இருந்தது. அதன் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், நல்ல தண்ணீர் லைனிலிருந்து இழுத்து ஒரு சின்னக் குழாய். போசனுக்கு மட்டும். முழங்கால் மடங்காததால் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு வேலை பார்த்தார். போசன் பைப்புத் துண்டுகளை மோந்துபார்த்துவிட்டு அவர் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டது.

அப்போது போன் அடித்தது. ஏஜெண்ட் ஆபீஸ்.

"உங்களுக்குத்தான்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. பல்லில் ஒரு பைப்புத் துண்டைக் கடித்துக்கொண்டே, "நீயே எடு. ஆளு வேலையில நிக்காருன்னு சொல்லு" என்றார்.

எடுத்தேன். சொன்னேன். அந்தப் பக்கம் பேசியவருக்கு ஆச்சரியம். "வேற வேலை கெடைச்சிருச்சா அக்கா? எந்தக் கப்பல்?" என்று கேட்டார்.

புறவாசலைப் பார்த்தேன். அவர் புதுக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து, வாயில் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் நாக்கிலேயே வைத்திருந்தார். பிறகு சட்டியில் பிடித்து போசனுக்கு முன்னால் நகர்த்தினார். போசன் தண்ணீரை மோந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. குடிக்க ஆரம்பித்தது.

"இங்கனதான் தம்பி" என்றேன். "வீட்லதான்."